வலி போய்விட்டது, கை ஏன் எழும்பவில்லை?

தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் அம்மா சறுக்கி விழுந்து வலது தோள் மூட்டு விலகியது, வலி போன பிறகும் கை எழும்பவில்லை என்று நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறீர்கள். அதில் எனக்குத் தேவையான வரி கடைசிப் பக்கத்தின் அடியில் இருந்தது. "அம்மா ரொம்ப மெலிஞ்சிட்டாங்க டொக்டர், ஜாக்கெட்டு வலது பக்கம் மட்டும் தொளதொளன்னு தொங்குது" என்று எழுதியிருக்கிறீர்கள். தங்கச்சி, மெலிந்தவருக்கு இரண்டு பக்கமும் தொங்கும். ஒரு பக்கம் மட்டும் தொங்கினால் அந்தப் பக்கத் தோள் சதை வற்றுகிறது என்று அர்த்தம். மிச்ச மூன்றே முக்கால் பக்கத்தைப் பிறகு பார்ப்போம்.

முதலில், நீங்கள் பெயர் சொல்லத் தயங்கிச் சுற்றிச் சுற்றி வந்த பயத்துக்குப் பதில். அம்மாவுக்கு வந்திருப்பது பாரிசவாதம் (பக்கவாதம்) இல்லை. அம்மாயி வலது கை விழுந்து லயத்துக் காம்பராவில் படுத்த படுக்கையாகக் கிடந்ததைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறீர்கள். இப்போது அம்மாவின் வலது கையும் எழும்பவில்லை என்றதும் மனம் நேரே அங்கே போய்விட்டது. போகத்தான் செய்யும். ஆனால் பாரிசவாதம் மூளையில் நடப்பது. திடீரென்று வரும். கையைப் பிடித்தால் பெரும்பாலும் விரல் பிடிமானத்தையும் சேர்த்தே பிடிக்கும்; முகம் கோணும், பேச்சுக் குழறும், கால் இழுக்கும். உங்கள் அம்மா பீலியில் வாளி பிடிக்கிறார், ரொட்டிக்கு மா பிசைகிறார், கொழுந்து கிள்ளுகிறார். பறித்த கொழுந்தைத் தோளுக்கு மேலால் கூடைக்குள் எறிய மட்டும் முடியவில்லை, கொண்டை போட முடியவில்லை. அதுவும் மழை நாளில் மலையில் சறுக்கி விழுந்து தோள் மூட்டு விலகிய அன்றிலிருந்து. மூளைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. (உண்மையாகவே யாருக்காவது வாய் கோணி, பேச்சுக் குழறி, ஒரு பக்கம் சோர்ந்தால் எனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். 1990க்கு அழைத்து சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.)

இது நரம்பு அடி. இந்தச் சொல்லை வைத்துக்கொண்டு நம் ஆட்கள் படுத்தும் பாடு இருக்கிறதே! புறங்கையில் பச்சையாகப் புடைத்துத் தெரிவதையும் நரம்பு என்கிறோம். அது இரத்தக் குழாய். குதிகாலுக்கு மேல் கயிறு மாதிரி இருப்பதையும் நரம்பு என்கிறோம், அது தசைநார். உங்கள் அம்மாவுக்கு எண்ணெய் போட்டவர் "நரம்பு மேல நரம்பு ஏறிக்கிச்சு, தட்டி எறக்கணும்" என்றாராம். நான் சொல்லும் நரம்பு மேலே ஏறாது, தட்டினால் இறங்காது. அது மூளையின் உத்தரவைச் சதைக்குக் கொண்டுபோகும் வெள்ளை நூல்.

கழுத்திலிருந்து ஒவ்வொரு பக்கமும் ஐந்து நரம்பு வேர்கள் இறங்கி, காறை எலும்புக்குப் பின்னால் ஒன்றோடொன்று பின்னி, மறுபடி பிரிந்து கைக்குப் போகின்றன. கிளைக்கு ஒரு வேலை. அதனால் எந்த அசைவு போயிற்று என்று பார்த்தாலே எந்த நரம்பு என்று அநேகமாகச் சொல்லிவிடலாம். தீபாவளிக்கு மறுநாள் ஒரு பையனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். முதல்நாள் இரவு நன்றாகக் குடித்துவிட்டுக் கதிரையின் முதுகுச் சட்டத்தில் கையைத் தொங்கப்போட்டபடி தூங்கியிருக்கிறான். விடிந்ததும் மணிக்கட்டு தொங்கிவிட்டது, விரலை நிமிர்த்த முடியவில்லை. வீட்டில் எல்லோரும் பாரிசவாதம் என்று அழுகை. மேற்கை எலும்பைச் சுற்றிப் போகும் நரம்பு கதிரைச் சட்டத்தில் அமுங்கியதுதான் விஷயம். ஒன்றரை மாதத்தில் தானாகச் சரியாயிற்று. கொழுந்துச் சாக்கை நாள் முழுக்கத் தோளில் சுமக்கும் ஆண்களில் சிலருக்கு, சுவரில் கையை ஊன்றித் தள்ளச் சொன்னால் தோள்பட்டை எலும்பு முதுகில் சிறகு மாதிரி எழும்பி நிற்கும். அது வேறொரு நரம்பு.

உங்கள் அம்மாவுக்கு அடிபட்டிருப்பது அக்குள் நரம்பு. தோள் மூட்டுக்குக் கீழால் போய், மேற்கை எலும்பின் கழுத்தைச் சுற்றி வளைந்து, தோளின் உருண்டைச் சதைக்குப் போய்ச் சேருகிறது. கையைப் பக்கவாட்டில் தூக்குவதில் பெரும் பங்கு அந்தச் சதைக்குத்தான். மூட்டு விலகி எலும்பின் தலை கீழே நழுவும்போது இந்த நரம்பு இழுபடுகிறது. ஓடிப்போக அதற்கு இடம் கிடையாது. வெளித்தோளில் உள்ளங்கை அகலத்துக்கு மரத்துப் போயிருப்பதாக எழுதியிருக்கிறீர்களே, அந்தத் தோலும் இதே நரம்பின் பொறுப்புத்தான். மரப்பு இல்லாமலும் இந்த நரம்பு அடிபட்டிருக்கலாம், ஆகவே மரப்புக் குறைந்துவிட்டது என்று கிளினிக்கைத் தள்ளிப்போட வேண்டாம்.

வீட்டில் இரண்டு காரியம் செய்து பாருங்கள். அம்மாவைத் தளர்வாக உட்காரவைத்து, அவர் முழங்கையை நீங்கள் பிடித்துக் கையைப் பக்கவாட்டில் மெதுவாக உயர்த்துங்கள். நீங்கள் தூக்கினால் எளிதாகப் போய், விட்டதும் சோர்ந்து விழுந்தால் மூட்டில் கோளாறு இல்லை. தூக்கும் சதையிலோ தசைநாரிலோ நரம்பிலோதான் கோளாறு. நீங்கள் தூக்கினாலும் பாதியில் முட்டிக்கொண்டு நின்றால் மூட்டும் இறுகத் தொடங்கிவிட்டது. அடுத்து, அம்மாவைச் சுவர் ஓரமாக நிறுத்தி, வலது முழங்கையால் சுவரை வெளிப்பக்கமாகத் தள்ளச் சொல்லுங்கள். உங்கள் உள்ளங்கை அவர் தோள் உருண்டையின் மேல் இருக்கட்டும். அடியில் சதை இறுகுகிறதா? இடது தோளிலும் அப்படியே பார்த்தால் வித்தியாசம் உடனே விளங்கும். இலேசாகத் துடித்தாலும் நல்ல செய்தி. ஒன்றுமே இல்லை, களி மாதிரி இருக்கிறது என்றால் அதைக் கிளினிக்கில் வாய் திறந்து சொல்லுங்கள். ஒரு எச்சரிக்கை: தோளைக் காதுவரை குலுக்கி, உடம்பைச் சாய்த்து, "பாரு, தூக்குறேன்ல" என்று அம்மா காட்டுவார். அதை நம்பாதீர்கள். அன்றைய வேலைக்குப் பேர் போட வேண்டும், சம்பளம் வேண்டும் என்கிறவர்கள் இந்தத் தந்திரத்தைச் சீக்கிரம் பழகிவிடுவார்கள்.

நாற்பது தாண்டியவருக்குத் தோள் விலகினால் நான் இன்னொன்றையும் தேடுவேன். மூட்டைச் சுற்றிப் போர்த்தியிருக்கும் தசைநார் கிழிந்திருக்கலாம். அதற்கும் கை எழும்பாது. ஆனால் அது வலிக்கும், இரவில் அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க விடாது, தோல் மரக்காது, உருண்டைச் சதை இறுகும். சிலருக்கு இரண்டும் சேர்ந்தே நடக்கும். அம்மாவுக்கு 48 வயது, ஆகவே ஸ்கேன் ஒன்று எடுக்காமல் "நரம்புதான்" என்று யாராவது முடித்துவிட்டால் தசைநாரைப் பற்றியும் கேளுங்கள்.

இப்போது அந்த ஜாக்கெட்டுக்கு வருகிறேன். "வலி சுத்தமாப் போயிருச்சு, அதனால கிளினிக் போகல" என்று அம்மா சொல்கிறார் அல்லவா? இந்த ஒரு வாக்கியத்தால் கையை இழந்தவர்களை எனக்குத் தெரியும். வலித்தால் ஓடி வருகிறோம், வலியில்லாமல் ஒரு சதை செயலிழந்தால் வீட்டிலேயே இருந்துவிடுகிறோம். கவ்வாத்து வெட்டிய செடி அடிமரம் இருந்தால் துளிர்க்கும். நரம்பும் அப்படி. வெளி உறை அறுபடாமல் உள்ளே இழைகள் மட்டும் அறுந்திருந்தால், உறை வழியே இழை திரும்ப வளரும். வேகம் நாளைக்கு ஏறத்தாழ 1 மில்லிமீற்றர், மாதத்துக்கு ஓர் அங்குலம். அதை ஊசி போட்டு ஓட வைக்க முடியாது. அடிபட்ட இடத்திலிருந்து தோள் சதை சில அங்குலம்தான், அதனால் மூன்று மாத அளவில் முதல் துடிப்பை எதிர்பார்க்கிறோம். பெரும்பாலானவர்களுக்குக் கத்தி வைக்காமலே இது திரும்பி வருகிறது. உங்கள் அம்மாவுக்கும் வரக்கூடும், மனதைத் தளரவிட வேண்டாம்.

ஆனால் சதை காத்திருக்காது. உத்தரவு வராத சதை வற்றி, மெல்ல மெல்லக் கொழுப்பும் நாருமாக மாறும். ஒன்றரை வருடம் கழித்து நரம்பு வந்து கதவைத் தட்டினால் உள்ளே ஆள் இருக்காது. அதனால் மூன்று மாதம் கடந்தும் துடிப்பே இல்லை, தோள் உருண்டை குழிந்துகொண்டே போகிறது என்றால் நரம்பு அறுவைச் சிகிச்சை பற்றி நிபுணர் யோசிக்க வேண்டும். முழங்கையை நீட்டும் சதைக்குப் போகும் கிளைகளில் ஒன்றை எடுத்துத் தோள் நரம்போடு தைத்துவிடுகிறார்கள். முழங்கைக்கு மிச்சக் கிளைகள் போதும். ஆறு மாதத்துக்குள் செய்தால் பலன் நன்றாக இருக்கும். வருடம் தாண்டினால் நல்ல கைகாரரும் உதட்டைப் பிதுக்குவார்.

அம்மா விழுந்து ஒன்பது வாரம். நேரம் இருக்கிறது, வீணாக்க இல்லை. டிக்கோயா ஆதார வைத்தியசாலையில் எலும்பு கிளினிக்குக்குப் போய், அங்கிருந்து கண்டி தேசிய வைத்தியசாலைக்குக் கடிதம் கேளுங்கள். நரம்பு வழியே உத்தரவு போகிறதா என்று பார்க்கும் நரம்புக் கடத்தல் பரிசோதனையும் தசையில் மெல்லிய ஊசி வைத்துப் பார்க்கும் ஈ.எம்.ஜி.யும் தேவை. விழுந்த முதல் வாரத்தில் இதைச் செய்திருந்தால் ஒன்றும் தெரிந்திருக்காது. மூன்று வாரமாவது போக வேண்டும். இப்போது சரியான நேரம். தோள் விலகியபோது ஆஸ்பத்திரியில் என்ன வருத்தம் என்று எழுதிக் கொடுத்த அட்டையையும் (டயக்னோசிஸ் காட்) எக்ஸ்ரேயையும் கையில் வைத்திருங்கள். வேலை நேரத்தில் மலையில் விழுந்தவர் என்பதால் அந்தக் காட் இன்னொன்றுக்கும் உதவும்: 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இன்னும் இருக்கிறது. தொழிற்சங்கத் தலைவரிடம் கேளுங்கள்.

அதுவரை மூட்டு இறுகக் கூடாது. அம்மாவை மல்லாக்கப் படுக்கவைத்து, கொழுந்து மட்டம் பார்க்கும் மட்டக்கம்பை இரண்டு கையாலும் பிடிக்கச் சொல்லுங்கள். இடது கை தூக்க, வலது கை கூடவே தலைக்கு மேலே போகட்டும். ஒரு நாளைக்கு மூன்று தடவை, தடவைக்குப் பத்து. வலிக்க வலிக்க இழுக்க வேண்டாம்.

எண்ணெய் தடவுவதால் சதை வளராது, நரம்பும் வளராது. மணம் பிடித்திருந்தால் தடவுங்கள். இழுத்து, தட்டி, முறுக்கி விடுவதை இன்றோடு நிறுத்துங்கள், ஒருமுறை விலகிய மூட்டு அது. சூட்டு ஒத்தடம் கூடவே கூடாது. தோளில் திடீரென்று கறுப்புத் தழும்பு வந்திருக்கிறது, புற்றுநோயா என்று இரண்டாம் பக்கத்தில் கேட்டிருந்தீர்கள். மரத்த தோலில் தவிட்டு ஒத்தடம் கொடுத்தால் சுடுவது தெரியுமா? தோல் வெந்திருக்கிறது, அவ்வளவுதான். பாமசியில் சொந்தமாக வாங்கிப் போட்ட வைட்டமின் ஊசி ஒன்பதுக்கும் நீங்கள் கொடுத்த காசில் கண்டிக்கு எத்தனை தடவை பஸ் ஏறியிருக்கலாம்! வைட்டமின் குறைவால் வந்த வருத்தம் அல்ல இது. வலியே இல்லாதவருக்கு வலிக் குளிசை எதற்கு? வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுத்து, பிரஷரையும் ஏற்றும். 140/90 என்று வந்ததும் அதனாலோ, டிஸ்பென்சரிக்கு மேடு ஏறிப்போன மூச்சிரைப்பிலோ இருக்கலாம். குளிசையை நிறுத்தி, வேறு வேறு நாளில் மூன்று முறை அளந்த பிறகு பேசுவோம்.

இரவில் இரண்டு கை விரலும் மரப்பது மணிக்கட்டில் வேறு நரம்பு அமுங்குவது. கொழுந்து பறிக்கும் பெண்களிடம் அடிக்கடி பார்க்கிறேன்; அதே கிளினிக்கில் சொன்னால் போதும். போனில் படித்துவிட்டு மூன்று இரவு தூங்காமல் இருந்தீர்களே, அந்த உடம்பெல்லாம் சதை வற்றும் நோய், அது விழுந்த நாளில் ஒரு தோளில் தொடங்காது, தோலை மரக்கச் செய்யாது. அந்தப் பக்கத்தை மூடுங்கள்.

கிளினிக்கில் ஒரு காரியம். குளிருக்குப் போட்ட சுவெட்டரைக் கழற்றி, இரண்டு தோளையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டச் சொல்லுங்கள். அம்மா கூச்சப்படுவார், தாதியம்மாவைக் கூட நிற்கச் சொல்லலாம். நீண்ட கியூவில் சுவெட்டருக்கு மேலாலேயே தோளைத் தொட்டுப் பார்த்து அனுப்பும் டொக்டர்மார் உண்டு. நானும் அப்படி அனுப்பியிருக்கிறேன்.