அமெரிக்கப் பல்கலைக்கழகத் தலைவரை யார் தேர்ந்தெடுக்கிறார்கள்? பேராசிரியர்கள் ஓட்டுப் போடுவார்களா?

மாட்டார்கள். முடிவு, பல்கலைக்கழகத்தின் மேல் நிர்வாகமான அறங்காவலர் குழுவின் கையில். ஹார்வர்டில் 'கார்ப்பரேஷன்' என்ற சிறிய குழு ஆளைத் தேர்வு செய்யும், மேற்பார்வையாளர் குழு ஒப்புதல் தரும். பேராசிரியர்கள், மாணவர்கள் சிலருக்குத் தேடல் குழுவில் இடம் கிடைக்கலாம், அதுவும் பரிந்துரை செய்யத்தான்.

ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர்கள் சார்பில் அப்படி ஒரு குழுவில் இருந்திருக்கிறேன். முதல் நாள் காபி வருவதற்கு முன்பே ரகசியக் காப்பு ஒப்பந்தம் வந்துவிட்டது. கையெழுத்துப் போட்ட பிறகு பல மாதம், வீட்டில்கூட ஒரு பெயரை வாய் தவறிச் சொல்லக் கூடாது.

விளம்பரம் கொடுப்பார்கள், ஆனால் அதைப் பார்த்து விண்ணப்பிப்பவர்களை மட்டும் நம்பி யாரும் உட்கார்ந்திருப்பதில்லை. கட்டணம் வாங்கிக்கொண்டு ஆள் தேடித் தரும் தனியார் நிறுவனம், வேறிடத்தில் பதவியில் இருப்பவர்களிடம் போனில் மெதுவாகப் பேச்சுக் கொடுக்கும். முதல் சுற்று நேர்காணல் வளாகத்தில் நடக்காது, விமான நிலையத்தை ஒட்டிய ஹோட்டலில்தான். 'ஏர்போர்ட் இன்டர்வியூ' என்றே அதற்குப் பெயர். ஒருவர் வெளியேறும்போது அடுத்தவர் எதிரே வந்துவிடக் கூடாது. எங்களுக்கு ஒருநாள் பேச்சு நீண்டுவிட்டது. நிறுவனத்துப் பெண்மணி லிஃப்ட் வாசலில் காவலுக்கு நின்றுகொண்டு, பேசி முடித்தவரைப் பின்படி வழியாக இறக்கி அனுப்பினார். ஏதோ கடத்தல் கும்பலில் சேர்ந்த மாதிரி இருந்தது!

ஏன் இவ்வளவு பதுங்கல்? வேறிடம் தேடுகிறார் என்று தெரிந்த நிமிடமே, இருக்கும் இடத்தில் அவர் பேச்சு எடுபடாது. அதை ஒப்புக்கொள்கிறேன். இறுதிச் சுற்றிலும் மறைப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. புளோரிடாவில் 2022-இல் வந்த சட்டப்படி, இறுதிப் பட்டியலுக்கு வராதவர்களின் பெயர்களை வெளியிட வேண்டியதில்லை. அதே ஆண்டு புளோரிடா பல்கலைக்கழகம் ஒரே ஒருவரைத்தான் அறிவித்தது: அப்போது செனட்டராக இருந்த பென் சாஸ். ஒற்றை ஆளை நிறுத்திவிட்டுக் கருத்துக் கேட்டால் என்ன சொல்வது? மாணவர்கள் போராடினார்கள், அவர்தான் தலைவரானார்.

சரி, அறங்காவலர்கள் தேர்ந்தெடுத்துவிட்டால் முடிந்ததா? அதுவும் இல்லை. 2025-இல் அதே பல்கலைக்கழகத்தின் அறங்காவலர்கள் சாண்டா ஓனோவை ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள். மாநில அரசுப் பல்கலைக்கழகங்களுக்கெல்லாம் மேலே இருக்கும் 'போர்டு ஆஃப் கவர்னர்ஸ்' என்ற குழு அவரை நிராகரித்துவிட்டது: எதிராக 10 வாக்கு, ஆதரவாக 6. மிச்சிகன் பல்கலைக்கழகத் தலைவர் பதவியை அதற்குள் அவர் விட்டிருந்தார்.