ஜியோ இன்ஃபர்மேடிக்ஸ் படித்தால் வெயிலில்தான் அலையணுமா?

*மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். கவுன்சலிங் பட்டியலில் கிண்டி இன்ஜினீயரிங் கல்லூரியில் பி.இ. ஜியோ இன்ஃபர்மேடிக்ஸ் என்று ஒன்று இருக்கிறது. அது கம்ப்யூட்டர் படிப்பா, சிவில் படிப்பா? 'பொம்பளப் புள்ள வெயில்ல கல்லு தேடி அலையணும்' என்று உறவுக்காரர் ஒருவர் பயமுறுத்துகிறார்.*
– வாசகி, திண்டுக்கல்

இரண்டும்தான் அம்மா. பெயரில் இன்ஃபர்மேடிக்ஸ் இருப்பதால் ஐ.டி.க்குத் தங்கை என்று நினைத்துச் சேர்கிற பிள்ளைகள் முதல் சர்வே கேம்ப்பில் முழிப்பதை நான் வருஷா வருஷம் பார்த்திருக்கிறேன். நில அளவை, வான்படங்களிலிருந்து அளவெடுப்பது, தொலையுணர்வு (செயற்கைக்கோள் படங்களிலிருந்து நிலத்தைப் படிப்பது), ஜி.ஐ.எஸ். (வரைபடத்தையும் தகவலையும் கணினியில் சேர்த்து ஆராய்வது), டேட்டாபேஸ், கொஞ்சம் புரோகிராமிங், இதற்கெல்லாம் அடியில் நிறைய கணக்கு. கணக்கு பிடிக்காத பிள்ளை என்றால் இப்போதே யோசித்துவிடுங்கள், வெயிலைப் பற்றிக் கவலைப்படுவது அப்புறம்.

அந்தக் கல்லூரியே 1794-ல் ஒரு சர்வே பள்ளியாகத்தான் ஆரம்பித்தது. சிவில், மெக்கானிக்கல் எல்லாம் பின்னால் வந்து சேர்ந்தவை. அதனால் இதைப் புதுசாக முளைத்த கோர்ஸ் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு விடுங்கள்.

வெயில் உண்டு. ஆனால் வாழ்நாள் முழுக்க இல்லை. வேலையில் பெரும்பகுதி திரை முன்னால்தான். கேம்ப்பில் என்ன நடக்கும் என்றால், உயர வித்தியாசத்தை அளக்கிற லெவல் கருவியை எடுத்துக்கொண்டு ஒரு புள்ளியில் கிளம்பி, வளாகத்தைச் சுற்றி உயரங்களை எழுதிக்கொண்டே போய், கிளம்பின புள்ளிக்கே வந்து சேர வேண்டும். ஒரே இடம் என்பதால் கடைசியில் வித்தியாசம் பூஜ்யம் வரணும். வராது. சில மில்லிமீட்டர் என்றால் பரவாயில்லை, பிரித்துச் சரிக்கட்டலாம். பத்து சென்டிமீட்டர் என்றால் ஒருவர் அளவுகோலைத் தப்பாகப் படித்திருக்கிறார், யார் என்று தெரியாது, மறுபடி முதலிலிருந்து நடக்கணும். அந்த நடையில் கற்றுக்கொள்வதை எந்த மென்பொருளும் சொல்லிக்கொடுப்பதில்லை. பெண் பிள்ளைகள் இதில் பிரமாதமாகச் செய்வார்கள், உறவுக்காரரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

ஒரு கூடுதல் தகவல், உங்கள் ஊர் என்பதால். வரைபடக் கணக்குக்காக உலகத்தை 6 டிகிரி அகலத்தில் 60 மண்டலங்களாக வெட்டி வைத்திருக்கிறார்கள். 43-ம் மண்டலத்துக்கும் 44-ம் மண்டலத்துக்கும் நடுவிலான கோடு 78 டிகிரி தீர்க்கரேகை, அது திண்டுக்கல்லை ஒட்டித்தான் போகிறது. கோவை 43-ல், மதுரை 44-ல். தமிழ்நாடு முழுவதற்கும் ஒரே மண்டலத்தைப் போட்டு வேலை செய்கிற பையன்கள் இந்த இடத்தில்தான் மாட்டுவார்கள்.

*பி.எஸ்சி. புவியியல் முடித்திருக்கிறேன். ஊரில் ஒரு தனியார் மையம், மூன்று மாத ஜி.ஐ.எஸ். சாஃப்ட்வேர் பயிற்சிக்குப் பெரிய தொகை கேட்கிறது. சேரலாமா, இல்லை எம்.எஸ்சி. போகலாமா?*
– வாசகர், ராமநாதபுரம்

அந்தக் காசை வீட்டில் கொடுத்துவிடுங்கள். எந்தப் பட்டனை எங்கே அழுத்துவது என்பதற்குக் காசு கொடுப்பது வீண், அடுத்த பதிப்பில் பட்டனை வேறு இடத்துக்கு மாற்றிவிடுவான். கியூ.ஜி.ஐ.எஸ். என்கிற ஜி.ஐ.எஸ். மென்பொருள் இலவசம், 2002-லிருந்து வளர்ந்து வருகிறது, பெரிய மென்பொருள் செய்கிற வேலையில் பெரும்பகுதியை அதுவும் செய்யும். டேராடூனில் இருக்கும் இந்திய தொலையுணர்வு நிறுவனம் இணையவழிப் படிப்புகளை இலவசமாகவே நடத்துகிறது, சான்றிதழும் தருகிறார்கள். 1966-ல் நெதர்லாந்து உதவியோடு வான்படம் படிக்கக் கற்றுத்தர ஆரம்பித்த இடம் அது, இப்போது இஸ்ரோவின் கீழ். முதலில் அதில் ஒன்றை முடியுங்கள். பிடித்தால் எம்.எஸ்சி.; திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் தொலையுணர்வுக்குத் தனித் துறையே இருக்கிறது, அங்கே விசாரியுங்கள். எம்.டெக். பக்கம் போகிறவர்களுக்கு 2022-லிருந்து கேட் தேர்வில் ஜியோமேடிக்ஸ் (நில அளவையும் வரைபடமும் சேர்ந்த துறை) என்று தனித் தாளே வந்துவிட்டது. கூடவே பைத்தான் கொஞ்சம். அது இல்லாமல் வேலைக்குப் போனால் வருஷக்கணக்கில் படத்தின் மேல் கோடு போட்டுக்கொண்டு உட்கார வேண்டியதுதான், சம்பளமும் அதற்குத் தகுந்த மாதிரிதான் இருக்கும்.

இன்னொரு விஷயம், நீங்கள் ராமநாதபுரம் என்பதால் சொல்கிறேன். சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தை இலவசமாக இறக்கி, வழக்கமான பொய்வண்ணத்தில் உங்கள் ஊர்க் கண்மாயைப் பாருங்கள். இலை உள்ளதெல்லாம் சிவப்பாகத் தெரியும், ஏனென்றால் பச்சை இலை நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை நிறையத் திருப்பி அனுப்புகிறது, அதற்குப் படத்தில் சிவப்பைக் கொடுத்திருக்கிறார்கள். கண்மாய்க்குள் பளிச்சென்று சிவப்பு. என் மாணவன் ஒருவன் அதை 'நெல்' என்று வகைப்படுத்திக் கொண்டுவந்தான். எந்த மாசத்துப் படம் என்று கேட்டேன், மே. மே மாசம் மானாவாரிக் கண்மாய்க்குள் எவன் நெல் போடுவான்? பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான், அத்தனையும் சீமைக்கருவேலம், கால் முழுக்க முள் கீறல். அது உங்களுக்குப் பஸ் ஏறாமலே தெரிந்திருக்கும் இல்லையா? பட்டணத்துப் பையனிடம் இல்லாத அந்தச் சொத்தை வைத்துக்கொண்டுதான் மூன்று மாசப் பயிற்சிக்குக் காசு கட்டப் பார்க்கிறீர்கள்.

பிறரை மட்டும் சொல்வானேன். நானே ஒருமுறை கூவம் ஓரத்துப் புள்ளிகளை ஏற்றும்போது அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டையும் இடம் மாற்றிப் போட்டுவிட்டேன். சென்னை 13 டிகிரி வடக்கு, 80 டிகிரி கிழக்கு. மாற்றினால் 80 வடக்கு, 13 கிழக்கு. கூவம் நார்வேக்கும் வடக்கே, ஸ்வால்பார்ட் தீவுகளை ஒட்டின பனிக்கடலில் போய்க் கிடந்தது. துறை முழுக்க ஒரு வாரம் சிரித்தார்கள்.

*உயர்தரத்தில் (இங்கே பிளஸ் டூ மாதிரி) பௌதிக விஞ்ஞானப் பிரிவில் தோற்றியிருக்கிறேன். நில அளவையாளராக வர இலங்கையில் எங்கே படிக்கலாம்?*
– வாசகர், கிளிநொச்சி

சப்ரகமுவப் பல்கலைக்கழகத்தில் ஜியோமேடிக்ஸுக்கென்று தனிப் பீடமே உண்டு, பெலிஹுல்ஓயாவில். நில அளவை விஞ்ஞானத்தில் நான்கு வருடப் பட்டம். உங்கள் பாடப்பிரிவு அதற்குப் பொருந்தும், மிச்சத்தை இசட் புள்ளி, அதாவது பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கிற தரப்புள்ளி, தீர்மானிக்கும். பட்டம் கிடைத்த உடனேயே காணி அளந்து படம் கீறிக் கையெழுத்துப் போட முடியாது, அதற்கு உரிமம் எடுக்க வேண்டும். 1800-ல் தொடங்கிய நில அளவைத் திணைக்களம் அங்கே இருக்கிறது, அரச வேலை என்றால் அதுதான் வாசல். படிக்கிற காலத்தில் கொஞ்சம் சிங்களமும் பழகிக்கொள்ளுங்கள், களத்தில் எல்லையைக் காட்டுகிற ஆளோடு பேச வேண்டியிருக்கும்.

*பக்கத்து வயல்காரர் மூன்று அடி உள்ளே வந்து வரப்புப் போட்டுவிட்டார். மகன் ஜி.ஐ.எஸ். படிக்கிறான், செயற்கைக்கோள் படத்தை வைத்தே நிரூபிக்கலாம் என்கிறான். முடியுமா?*
– வாசகர், தஞ்சாவூர்

முடியாது ஐயா. மகனிடம் கோபப்படாமல் சொல்லுங்கள்.

அவன் இலவசமாக இறக்குகிற படத்தில் ஒரு புள்ளி என்பது 10 மீட்டருக்கு 10 மீட்டர், நம் கணக்கில் ஏறக்குறைய இரண்டரை சென்ட். உங்கள் மூன்று அடி அதற்குள் எங்கே தெரியும்? கூகுளில் வரப்பே தெரிகிறதே என்பான். தெரியும், ஆனால் அந்தப் படம் தரையில் பொருந்தி உட்கார்ந்திருப்பதில் சில மீட்டர் முன்னே பின்னே இருக்கலாம், அதை வைத்துக்கொண்டு மூன்று அடிக்குச் சண்டை போட்டால் எதிராளியின் வக்கீல் சும்மா விடமாட்டார்.

உங்களுக்கு வேண்டியது புலப்படம், சர்வேயர்கள் எஃப்.எம்.பி. என்பார்களே, அது. இ-சேவைத் தளத்திலேயே எடுக்கலாம். அதில் புலத்துக்குக் குறுக்கே ஒரு கோடு, அந்தக் கோட்டிலிருந்து ஒவ்வொரு மூலைக்கும் எத்தனை தூரம் என்று எண்கள் இருக்கும். பழைய படம் என்றால் எண்கள் சங்கிலிக் கணக்கில், 66 அடிச் சங்கிலியில் 100 கண்ணி, ஒரு கண்ணி எட்டு அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. மீட்டர் என்று நினைத்து அளந்துவிடாதீர்கள்.

உங்கள் ஊர்க்காரர்களுக்கு அளவைக் கருவிகளோடு பழைய கணக்கு ஒன்று உண்டு. 1808-ல், இந்தியாவை அளந்த ஆங்கிலேய அளவையாளர் லாம்டன், கோணம் அளக்கிற தன் அரை டன் தியோடலைட் கருவியைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் கயிறு கட்டி ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி நசுங்கிப் போனது. இங்கிலாந்திலிருந்து வந்த கருவி! தட்டி நிமிர்த்தி, மறுபடி வேலைக்குக் கொண்டுவந்தார் மனுஷர்.

நில அளவைக்கு விண்ணப்பித்து, சர்வேயர் வருகிற நாளில் முதலில் மூலைக் கல்லைத் தேடுங்கள். வரப்பு நகரும், கல் அவ்வளவு சுலபமாக நகராது. பல நேரம் மண்ணுக்குள் ஒரு முழம் புதைந்து கிடக்கும், மண்வெட்டி எடுத்துப் போங்கள். பக்கத்து வயல்காரரையும் கூடவே நிற்க வையுங்கள், பிறகு 'எனக்குத் தெரியாது' என்று சொல்ல முடியாது. மகனையும் கூட்டிப் போங்கள், டேப்பின் இன்னொரு முனையைப் பிடிக்க ஆள் வேண்டும்.