மாநிறத்துக்கு எந்த மார்க்கர்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஆல்கஹால் மார்க்கரில் (ஆல்கஹாலில் கரைந்த மை கொண்ட நிறப் பேனா) தோல் நிறம் தீட்டுவது பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். நிறங்களைக் குறிப்பிட கோபிக் மார்க்கரின் எண்களைப் பயன்படுத்தியிருக்கிறேன் (ஈ37 என்றால் E37, பிவி23 என்றால் BV23, வி95 என்றால் V95). உங்களிடம் இருப்பது வேறு கம்பெனி என்றால், இணையத்தில் கோபிக் நிற அட்டையைப் பார்த்துக் கிட்டத்தட்ட ஒத்துவரும் நிறத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

24 மார்க்கர் கொண்ட ‘ஸ்கின் டோன்’ செட் வாங்கினேன். பாதிக்கு மேல் ரோஸும் பீச்சும்தான். என் அம்மா மாநிறம். எதைப் போட்டாலும் அம்மா மாதிரியே வரவில்லை.

செட்டில் குறை உண்டுதான். ஆனால் நீங்கள் தீட்டும் முறையையும் பார்க்க வேண்டும். நிறைய பேர் முகம் முழுக்க ஒரு வெளிர் பீச் பூசிவிட்டு, அதன்மேல் பிரவுனை ஏற்றி மாநிறம் ஆக்கப் பார்க்கிறார்கள். இந்த மை கண்ணாடி போன்றது. அடியில் போட்டது மேலே தெரியும். அடியில் ரோஸ் இருந்தால் மேலே எத்தனை பிரவுன் போட்டாலும் வெயிலில் சிவந்துபோன வெள்ளைக்காரர் முகம்தான் வரும்.

முதலில் நடு நிறத்தை முடிவு செய்யுங்கள். நேர் வெளிச்சமும் ஆழ்ந்த நிழலும் படாத கன்னப் பகுதியில் தெரிவதுதான் அது. மாநிறத்துக்கு ஈ37 நடுவில், வெளிச்சப் பக்கம் ஈ35, நிழலுக்கு ஈ57. இந்த மூன்றே ஒரு முகத்துக்குப் போதும். நல்ல கறுப்பு நிறத்துக்கு ஈ27 நடுவில், வெளிச்சத்துக்கு ஈ25, நிழலுக்கு ஈ29, கழுத்தடி மாதிரி ஆழமான இடத்துக்கு மட்டும் ஈ49. அந்த 24-இல் இவற்றுக்குப் பக்கத்தில் எதுவும் இல்லையென்றால், இன்னொரு செட் வாங்காமல் மூன்று மார்க்கரைத் தனியாக வாங்குங்கள்.

இன்னொன்று, எந்தப் படத்தைப் பார்த்து வரைகிறீர்கள்? கல்யாண ஆல்பத்தில் ஸ்டூடியோக்காரர் எல்லோரையும் இரண்டு ஷேட் வெளுக்க வைத்திருப்பார். பல போன்களும் அதையே செய்கின்றன. ஃபில்டரை அணைத்துவிட்டு, திண்ணையிலோ ஜன்னல் ஓரத்திலோ, நேர் வெயில் படாமல் ஒரு படம் எடுங்கள். பிறகு அதையே கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். எது எவ்வளவு அடர்த்தி என்பது அப்போதுதான் பிடிபடும். நாம் நினைப்பதைவிட முகம் அடர்த்தியாகவே இருக்கும்.

நிழலுக்கு கிரே போட்டால் முகம் சாம்பல் பூசியது போல ஆகிவிடுகிறது. கறுப்பு போட்டால் இன்னும் மோசம்.

கிரேயைத் தோல்மேல் போடாதீர்கள், கறுப்பை அறவே போடாதீர்கள். நிழல் என்றால் அதே நிறத்தில் கறுப்பு கலந்தது என்று நினைப்பதால் வரும் வினை இது. தோலில் நிழல் விழும் இடத்தில் நிறமே கொஞ்சம் நகரும். பிரவுன் தோலில் அது சிவப்புப் பக்கமாகவோ ஊதாப் பக்கமாகவோ போகும்.

எனக்குப் பிடித்த வழி, நிழலை முதலில் போட்டுவிடுவது. மூக்கின் ஓரம், கண்குழி, தாடையின் அடி, முடி விழும் நெற்றி விளிம்பு ஆகிய இடங்களில் மட்டும் வெளிர் ஊதா (பிவி23 அல்லது வி95) பூசி, நன்றாகக் காயவிடுங்கள். அப்புறம் அதன்மேல் தோல் நிறத்தை ஓட்டுங்கள். ஊதா அடங்கிப்போய் நிழலாக மட்டும் நிற்கும். முதல் தடவை பார்க்கும்போது அடிபட்ட முகம் போலப் பயமுறுத்தும், பொறுங்கள். கறுத்த தோலுக்கு வெளிர் ஊதா காணாமலே போய்விடும். அங்கே வி99 போன்ற கத்தரிக்காய் நிறத்தை ஆழமான மூலைகளில் கொஞ்சமாக வைத்து, ஓரத்தை ஈ29-ஆல் கரைத்துவிடுங்கள்.

முகம் முழுவதும் ஒரே நிறமும் இல்லை. கன்னம், மூக்கு நுனி, காது ஆகியவற்றில் ரத்த ஓட்டம் தெரியும். மாநிறத்தில் அங்கே ரோஸ் போட்டால் பவுடர் அப்பியது மாதிரி இருக்கும். ஈ09 போன்ற செங்கல் சாயல் கொண்ட பிரவுனை மெல்ல ஒருமுறை ஓட்டுங்கள். ஆண்களுக்கு மீசை, தாடி மழித்த இடம் சற்று நீலம் பாரித்திருக்கும். அங்கே மட்டும் பிவி23-ஐத் தொட்டும் தொடாமலும் போடலாம்.

கறுத்த தோலில் ஹைலைட் எப்படி வைப்பது? வெள்ளை ஜெல் பேனா வைத்தால் ஒட்டவைத்தது போல் இருக்கிறது.

தோல் கறுக்கக் கறுக்க, பளபளப்பு கூடுதலாகக் கண்ணில் படும். அதனால் அடர்ந்த தோலில் ஹைலைட்டைப் பயந்து பயந்து வைக்காதீர்கள். ஆனால் அது தூய வெள்ளை இல்லை. திறந்த வெளியில் நிற்பவரின் நெற்றியில் தெரிவது வானத்தின் நிறம், லேசான நீலம். விளக்கு வெளிச்சத்தில் என்றால் மஞ்சள் சாயல். அந்த இடத்தில் முதலில் வெளிர் மார்க்கரை மட்டும் பூசி விட்டுவைத்து, மேலே வெளிர் நீலக் கலர் பென்சிலால் மெல்லத் தேயுங்கள். காய்ந்த மார்க்கர் மேல் மெழுகு பென்சில் நன்றாகவே பிடிக்கும். வெள்ளை ஜெல் பேனாவை மூக்கு நுனி, கீழுதடு, கண்மணி ஆகிய மூன்று இடத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வைத்தவுடன் விரலால் ஒற்றி எடுத்தால் ஓரம் மிருதுவாகும்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். உள்ளங்கையும் உள்ளங்காலும் மற்ற இடங்களைவிட வெளுப்பு, ரேகைகள் மட்டும் அடர்த்தி. விரல் முட்டிகள் கறுப்பு. உதடு, பல பேருக்கு மேலே பிரவுனும் கீழே சற்றே ரோஸும். பரதநாட்டிய முத்திரை வரைகிறவர்கள் இதை விட்டுவிட்டால் கையுறை மாட்டிய கை மாதிரி இருக்கும்.

எவ்வளவு கவனமாகப் போட்டாலும் கோடு கோடாக விழுகிறது.

மின்விசிறியை நிறுத்துங்கள்! நம் ஊர் வெயிலில், விசிறிக்கு அடியில், மை நொடியில் காய்கிறது. காய்ந்த ஓரத்தின்மேல் அடுத்த கோடு ஏறினால் அந்த இடம் இரட்டிப்பு அடர்த்தி. நெற்றி, கன்னம், கழுத்து என்று சின்னச் சின்னப் பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஈரம் போவதற்குள் முடியுங்கள். பூசும் வரிசை: வெளிர் நிறம், அடர் நிறம், மறுபடி இரண்டும் சேரும் இடத்தில் வெளிர் நிறம். உளி முனையைவிட பிரஷ் நிப் (தூரிகை போல வளையும் முனை) இதற்கு எளிது. அதற்காகத் தேய்த்துக்கொண்டே இருக்காதீர்கள். தாள் ஊறிவிட்டால் மை கோட்டைத் தாண்டி ஓடும். கோட்டுக்கு ஒரு மயிரிழை இடைவெளி விட்டே நிறுத்துங்கள், மை தானாக அங்கே போய்ச் சேரும்.

எண்களைப் பார்த்து மார்க்கரைத் தேர்ந்தெடுப்பது எப்படி? கோபிக் வாங்கினால்தான் நன்றாக வருமா?

கோபிக் ஜப்பானின் டூ கம்பெனியுடையது, 1987-இல் வந்தது. 358 நிறங்கள் உண்டு. ஈ என்ற எழுத்து மண் நிறக் குடும்பம். கடைசி இலக்கம் கூடக் கூட அடர்த்தி கூடும். முதல் இலக்கம் கூடினால் நிறம் மங்கி கிரே பக்கம் போகும், ஆனால் பிரவுன்களில் இந்தக் கணக்கு கொஞ்சம் முன்பின் இருக்கும். வேறு கம்பெனி இதே எழுத்தும் எண்ணும் போட்டிருந்தாலும் நிறம் அதுவாகவே இருக்கும் என்று நம்பாதீர்கள். மூடியின் நிறத்தையும் நம்பாதீர்கள். வாங்கியதும் நீங்கள் வரையும் அதே தாளில் ஒரு கட்டம் பூசி, காய்ந்த பின் பார்த்து எண் எழுதி வையுங்கள்.

கற்றுக்கொள்ள மலிவான பிரஷ் நிப் மார்க்கரே போதும் என்பது என் கருத்து. கோபிக்கின் அனுகூலம் மையை மறுபடி நிரப்பலாம், நிப்பை மாற்றலாம் என்பதுதான். தினமும் வரைபவருக்கு அது பெரிய விஷயம். மாதம் ஒரு படம் போடுபவருக்கு இல்லை.

பால்பாயிண்ட் கோடு கலைகிறது. தாளின் பின்பக்கமும் மை இறங்குகிறது.

பால்பாயிண்ட் மையை ஆல்கஹால் கரைக்கும். பிக்மென்ட் மை (கரையாத நிறத்துகள் கொண்ட மை) உள்ள ஃபைன்லைனரில், அதாவது மெல்லிய முனைப் பேனாவில் (பிக்மா மைக்ரான் போல) வரைந்து, நன்றாகக் காயவிட்டுப் பூசுங்கள். பின்பக்கம் இறங்குவது சாதாரணத் தாளில் இயல்பு. மார்க்கர் பேட் (மார்க்கருக்கென்றே வரும் தாள்) அல்லது வழவழப்பான பிரிஸ்டல் அட்டை வாங்குங்கள். வாட்டர்கலர் தாள் வேண்டாம், மையைக் குடித்துத் தீர்த்துவிடும்.

என் எட்டு வயது மகள் இந்த மார்க்கரைக் கேட்கிறாள். வாசனை பயமாக இருக்கிறது.

ஜன்னலைத் திறந்துவைத்து, நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது போடட்டும். ஆல்கஹால் தீப்பற்றும், அடுப்பு, சாமி விளக்குப் பக்கம் வேண்டாம். என்னைக் கேட்டால், இந்த வயதில் தண்ணீரில் கரையும் ஸ்கெட்ச் பேனாவே நல்லது.

சுவரில் மாட்டிய படம் வெளிறிவிட்டது. திரும்ப எடுக்க முடியுமா?

முடியாது. இந்த மை சாயம், பிக்மென்ட் இல்லை; வெளிச்சத்தில் வெளிறும். மூலப் படத்தை ஸ்கேன் செய்து, பிரிண்ட்டை மாட்டுங்கள். மூலத்தை ஃபைலில் வைத்து பீரோவில் பூட்டுங்கள். மார்க்கரையும் சேர்த்து வைப்பதானால் படுக்கவைத்தே வையுங்கள். இரு முனை மார்க்கரை நிற்கவைத்தால் மை ஒரு பக்கமாக இறங்கி மேல் நிப் காய்ந்துபோகும்.