கதாபாத்திரத் தாளைக் கையால் எழுதுவது வீண் வேலையா?

"டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் விளையாட்டை ஆடத் தொடங்கியிருக்கிறேன். கதாபாத்திரத்தின் திறன் எண்களைத் தாளில் எழுதி அதை உருவாக்குவதே எனக்குப் பிடித்திருக்கிறது. செயலியில் பத்து நிமிடத்தில் முடிகிற வேலைக்கு இரண்டு நாள் எதற்கு என்று குழுவில் கேட்கிறார்கள். எது சரி?" என்பது உங்கள் கேள்வி.

நீங்கள் செய்வதுதான் சரி. முதல் கதாபாத்திரத்தையாவது கையால்தான் எழுத வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நான் அப்படிச் செய்யாமல் ஒரு முறை தவறிவிட்டேன், அது இன்றும் உறுத்துகிறது.

2014இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பு விதிகளின்படி, போர்வீரன் வகைக் கதாபாத்திரமான என் முதல் ஃபைட்டரைச் செயலியில்தான் உருவாக்கினேன். கேட்ட இடங்களில் எல்லாம் விரலால் தொட்டுக்கொண்டே போனேன். முடிவில் அழகான தாள் ஒன்று திரையில் வந்து நின்றது. உடல் வலிமையைக் குறிக்கும் ஸ்ட்ரெங்த் 16, வாள் வீச்சின்போது பகடை எண்ணுடன் கூட்ட +5. அந்த ஐந்து எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவும் இல்லை, செயலி சொல்லவும் இல்லை. மூன்றாவது வாரம் ஒரு பாழடைந்த கோயிலுக்குள் 'ஷேடோ' என்னும் நிழலுருக்கள் எங்களைத் தாக்கின. அவற்றின் தொடுகை உயிர்ப் புள்ளிகளான ஹிட் பாயிண்டை மட்டுமல்ல, ஸ்ட்ரெங்த்தையும் உறிஞ்சும். நாற்பக்கப் பகடையில் மூன்று விழ, ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டர் என்னிடம் "மூன்றைக் குறைத்துக்கொள்ளுங்கள்" என்றார்.

அதற்கு முந்தைய சுற்றில் அதே அடியை வாங்கியிருந்த தோழி தாளில் விளையாடிக்கொண்டிருந்தார். அழிப்பானை எடுத்தார், ஸ்ட்ரெங்த், தாக்குதல், சேதம், அத்லெடிக்ஸ் என்று நான்கு இடங்களில் அழித்து எழுதிவிட்டுத் தலை நிமிர்ந்தார். நானோ 16 என்ற எண்ணை 13 ஆக்க எந்தப் பொத்தானைத் தொட வேண்டும் என்று திரையில் தேடிக்கொண்டிருந்தேன். எல்லோரும் காத்திருப்பதைக் கண்டு பதற்றத்தில் தாக்குதலுக்கான இருபது பக்கப் பகடையை உருட்டிவிட்டேன். எட்டு விழுந்தது. திரையில் இருந்த ஐந்தைக் கூட்டிப் பதின்மூன்று என்றேன். நிழலின் ஆர்மர் கிளாஸ், அதாவது அடி பட எட்ட வேண்டிய எண், 12 என்பதால் அடி பட்டது, நிழல் வீழ்ந்தது, எல்லோரும் ஆர்ப்பரித்தார்கள். அன்றிரவு விதிநூலைப் புரட்டியபோதுதான் புரிந்தது: ஸ்ட்ரெங்த் 16க்குப் பகடையுடன் கூட்டும் +3, 13க்கு வந்தால் +1 ஆகிவிடும், அதனுடன் திறமைக்குரிய +2 சேர்ந்தால் என் தாக்குதல் +3தான். எட்டும் மூன்றும் பதினொன்று. அந்த அடி பட்டிருக்கவே கூடாது. அடுத்த வாரம் ஒப்புக்கொண்டபோது கேம் மாஸ்டர் பெருந்தன்மையாக விட்டுவிட்டார், ஆனால் அந்த வெற்றியை என்னால் என்னுடையதாக எண்ண முடியவில்லை.

அதன் பிறகு அதே ஃபைட்டரை வெற்றுத் தாளில் முதலிலிருந்து எழுதினேன். இரண்டு மாலைகள் ஆயின. ஆறு அடிப்படைத் திறன்களுக்கு விதிநூல் தரும் 15, 14, 13, 12, 10, 8 என்ற ஆயத்த எண்களை எடுத்துக்கொண்டு, புள்ளி கொடுத்து வாங்கும் முறையில் அவற்றின் விலையைக் கூட்டிப் பார்த்தேன்: 9, 7, 5, 4, 2, 0. மொத்தம் மிகச் சரியாக 27, அந்த முறையில் நமக்குத் தரப்படும் அதே 27. பதின்மூன்றிலிருந்து மேலே போகும் ஒவ்வொரு படிக்கும் இரண்டு புள்ளி ஏன் என்பதும், அந்தப் பதிப்பில் மனித இனத்துக்குக் கிடைத்த +1 ஒற்றைப்படை எண்ணில் விழுந்தால்தான் உடனடிப் பலன் என்பதும் அன்று என் கைக்கே தெரிந்தது. கடைசியாக, பேச்சாலும் ஆளுமையாலும் பிறரைக் கவரும் திறனான கரிஸ்மாவுக்கு எட்டு மிஞ்சியது. ஒன்று கூட்டினாலும் ஒன்பதுதான், பகடையில் −1தான். அதை எழுதும்போது பேனா அங்கேயே நின்றுவிட்டது. இவன் ஏன் இப்படி? பேச்சு வராத தந்தையிடம் சைகையிலேயே பேசி வளர்ந்தவன், அதனால் சொற்களை நம்பாதவன் என்று தாளின் ஓரத்தில் எழுதினேன். செயலியில் அதே எட்டை நான் ஒரு நொடிகூட நின்று பார்க்காமல் கடந்து போயிருந்தேன்.

நான் மென்பொருளுக்கு எதிரி என்று யாரும் எண்ண வேண்டாம். இதே வகையைச் சேர்ந்த 'கர்ப்ஸ்' போன்ற விளையாட்டில் டெக்ஸ்டெரிட்டியை (உடல் லாகவத்தை) ஒரு புள்ளி உயர்த்தினால் அதைச் சார்ந்த திறன்கள் எல்லாம் உயரும். அதைத் தாளில் திருத்தி மாளாது. உயர் லெவல் மந்திரவாதியின் மந்திரப் பட்டியலுக்கும், கேம் மாஸ்டர் ஒரே இரவில் இருபது பேரை உருவாக்க வேண்டியிருக்கும்போதும் செயலி பெரும் துணை. சிறிய எழுத்தைப் படிக்கவோ பென்சில் பிடிக்கவோ சிரமப்படுபவர்களுக்கு அதுதான் வழி, அவர்களைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. மறுபுறம், 1977இல் வந்த 'டிராவலர்' விளையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள்: நான்காண்டுப் பணிக்காலம் ஒவ்வொன்றுக்கும் உயிர் பிழைக்கிறாரா என்று பகடை உருட்ட வேண்டும், தவறினால் ஆட்டம் தொடங்கும் முன்பே கதாபாத்திரம் இறந்துபோகும். அங்கே உருவாக்குவதே ஒரு விளையாட்டு; பொத்தானை அழுத்தி முடித்துவிட்டால் அதில் மிஞ்சுவது என்ன?

கேட்காத ஒன்றையும் சொல்ல அனுமதியுங்கள். மாதச் சந்தா கட்டி, கதாபாத்திரங்களைச் சேமித்து வைக்க நான் பயன்படுத்திய வேறொரு இணையச் சேவை ஒரு நாள் மூடப்பட்டது. அறிவிப்பு மின்னஞ்சலை நான் பார்த்தபோது கெடு முடிந்திருந்தது. மூன்று ஆண்டுகள் வளர்த்த கதாபாத்திரங்கள் ஏழும் அவற்றோடு நான் விலை கொடுத்து வாங்கிய விதிப் பகுதிகளும் ஒன்றாகப் போயின. வாங்கியதாக நான் நினைத்தது உண்மையில் வாடகைதான் என்பதை விற்கும்போதே சொல்லியிருக்க வேண்டாமா?

ஆகவே முதல் லெவலைக் கையால் எழுதுங்கள். பிறகு அதே எண்களைச் செயலியில் இட்டு, இரண்டும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். பொருந்தாவிட்டால் காரணத்தைக் கண்டுபிடிக்கும் வரை விடாதீர்கள். பெயரைப் பேனாவிலும் மாறக்கூடிய எண்களைப் பென்சிலிலும் எழுதுங்கள். ஹிட் பாயிண்ட் கட்டத்தின் பின்புறம் முதலிலேயே ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள். என் ஃபைட்டரின் தாளில் அந்தக் கட்டம் அழித்து அழித்து மெலிந்து, ஒன்பதாம் லெவலில் கிழிந்தே போனது.