அல்ட்ராசவுண்ட் ஸ்கேனைக் கண்டுபிடித்தவர் டுசிக்கா, இயான் டொனால்டா?

ஒரே ஒரு பெயர் வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். பரீட்சைக்கோ செமினாருக்கோ தயாராகிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். கார்ல் டுசிக் 1942-லேயே கட்டுரை போட்டுவிட்டார், டொனால்டின் கட்டுரை வந்தது 1958-ல், ஆகவே டுசிக்தானே முதலாமவர் என்பது உங்கள் வாதம். தேதிகள் சரி, முடிவு சரியில்லை.

டுசிக் ஆஸ்திரியாவின் நரம்பியல் மருத்துவர். தலையின் ஒரு பக்கத்தில் ஒலியை அனுப்பும் படிகம், மறுபக்கத்தில் அதை வாங்கும் படிகம் என்று வைத்து, ஊடுருவி வந்த ஒலி எங்கே குறைகிறது, எங்கே கூடுகிறது என்று பதிவு செய்தார். மூளையின் நீரறைகள் அதில் தெரிகின்றன என்றார். ஒலியை வைத்து எக்ஸ்ரே எடுப்பது போன்ற யோசனை அது. ஆனால் மண்டையோடு ஒலியைக் கடுமையாக விழுங்கும், அதுவும் இடத்துக்கு இடம் தடிமன் மாறுவதால் ஒரே அளவில் விழுங்காது. 1950-களின் முற்பகுதியில் ஜெர்மனியில் குட்னர் குழுவும் அமெரிக்காவில் எம்.ஐ.டி. குழுவும் சோதித்துப் பார்த்து, அந்தப் படங்களில் இருந்தது பெரும்பாலும் எலும்பின் தடிமன்தான், மூளை அல்ல என்று சொல்லிவிட்டன. டுசிக்கை மட்டம் தட்டுகிறேன் என்று யாரும் கமெண்டில் சண்டைக்கு வர வேண்டாம். ஒலியால் உடலைப் படம் எடுக்கலாம் என்று துணிந்து இறங்கியவர் அவர். ஆனால் இன்றைக்கு வயிற்றில் வைத்துப் பார்க்கும் ஸ்கேன் எதிரொலியில் ஓடுகிறது. அது வேறு வம்சம்.

அந்த வம்சத்தையும் பலர் டைட்டானிக் மூழ்கியபின் கடலில் ஒலியால் தேடிப் பார்த்ததில் தொடங்கி நேராகப் பிரசவ வார்டில் கொண்டுபோய் இறக்கிவிடுகிறார்கள். இடையில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. முதல் உலகப் போரில் பிரெஞ்சு இயற்பியலாளர் லாஞ்ச்வான் நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடப் பயன்படுத்திய ஒலி சில பத்து கிலோஹெர்ட்ஸ் அளவில் இருந்தது. 40 கிலோஹெர்ட்ஸில் தண்ணீருக்குள் அலைநீளம் கிட்டத்தட்ட 4 செ.மீ. பன்னிரண்டு வாரக் கருவே 5, 6 செ.மீ.தான். அலைநீளத்தைவிடச் சிறிய விவரம் எதிரொலியில் பிடிபடாது என்பதால் நீர்மூழ்கி தெரியும், சிசு தெரியாது. வயிற்று ஸ்கேனுக்கு வழக்கமான 3.5 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 0.44 மி.மீ. அந்த அதிர்வெண்ணில் மைக்ரோசெகண்ட் கணக்கில் துடிப்பு அனுப்பி, திரும்பி வருவதை நேரம் அளக்க வேண்டும். அதற்கான மின்னணுவியல் ரேடாரோடு சேர்ந்துதான் பக்குவப்பட்டது.

உடனடி மூதாதை, இரும்பில் விரிசல் பார்க்கும் கருவி. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஃபயர்ஸ்டோன் 1940-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து 1942-ல் வாங்கினார். படிகத்தை இரும்பின் மேல் வைத்து அழுத்தினால், உள்ளே வெடிப்பு இருக்கும் ஆழத்தில் திரையில் ஒரு முள் எழும்பும். 1953-ல் ஸ்வீடனின் லுண்டில் மருத்துவர் எட்லரும் இயற்பியலாளர் ஹெர்ட்ஸும் இதயத்தின் எதிரொலியை எடுத்தது, கப்பல் கட்டும் தளத்தில் பரிசோதனைக்கு வைத்திருந்த அப்படியொரு கருவியைக் கடன் வாங்கித்தான். 1955 ஜூலை 21 அன்று கிளாஸ்கோவின் மகப்பேறு மருத்துவர் இயான் டொனால்ட் போனது ரென்ஃப்ரூவில் இருந்த பாய்லர் தொழிற்சாலைக்கு. அறுவை செய்து எடுத்த நார்க்கட்டிகளையும் சினைப்பை நீர்க்கட்டிகளையும் காரின் டிக்கியில் ஏற்றிக்கொண்டு போனார். ஒப்பிட்டுப் பார்க்க அங்கே ஒரு பெரிய மாட்டிறைச்சித் துண்டும் இருந்தது. நீர்க்கட்டியில் முன்சுவர், பின்சுவர் என இரண்டு முட்கள், நடுவில் காலி. நார்க்கட்டியிலோ ஆழம் போகப் போகச் சிறுசிறு எதிரொலிகள். இந்த வித்தியாசம்தான் அவரைப் பிடித்து இழுத்தது.

பிறகு நோயாளியின் மேல் வைத்தபோது எல்லாம் சொதப்பியது. காரணத்தைப் புரிந்துகொண்டால் வரலாறு தானாகப் புரியும். ஒரே படிகம் அனுப்பவும் வாங்கவும் செய்தால், அனுப்பும் துடிப்பின் வேகத்தில், எதிரொலியைப் பெருக்கிக் காட்டும் ஆம்ப்ளிஃபயர் சற்று நேரம் செவிடாகிவிடும். உடலில் ஒலியின் சராசரி வேகம் நொடிக்கு 1540 மீட்டர், அதாவது 1 செ.மீ. ஆழம் போய்த் திரும்ப 13 மைக்ரோசெகண்ட். ஆம்ப்ளிஃபயர் 50 மைக்ரோசெகண்ட் செவிடாக இருந்தால் முதல் 4 செ.மீ. போச்சு. டொனால்ட் கையில் கிடைத்த பழைய கருவிக்கு இதே வியாதி. அதனால் வாஸ்லின் தடவிய வயிற்றின் மேல் தண்ணீர்ப் பாத்திரத்தை நிறுத்தி, அந்தக் குருட்டுத் தூரத்தைத் தண்ணீரிலேயே கழிக்கப் பார்த்தார்கள். படுக்கை நனைந்ததுதான் மிச்சம்.

அடுத்தது தேய்மானம். மென்திசுவில் ஒவ்வொரு செ.மீ.க்கும், ஒவ்வொரு மெகாஹெர்ட்ஸுக்கும் சுமார் அரை டெசிபல் இழப்பு. 3.5 மெகாஹெர்ட்ஸில் 15 செ.மீ. ஆழம் போய்த் திரும்பினால் 52.5 டெசிபல், அதாவது சக்தியில் ஒன்றே முக்கால் லட்சத்தில் ஒரு பங்குதான் மிச்சம். தாமதமாக வரும் எதிரொலியை அதிகமாகப் பெருக்கும் ஏற்பாடு இல்லாவிட்டால் ஆழத்தில் ஒன்றும் தெரியாது. காற்று இன்னும் மோசம். தோலுக்கும், அதன்மேல் வைக்கும் படிகம் பொருத்திய புரோபுக்கும் நடுவே மெல்லிய காற்றுப் படலம் இருந்தால் ஏறக்குறைய முழு ஒலியும் அங்கேயே திரும்பிவிடும். கிளாஸ்கோவில் ஆலிவ் எண்ணெய் தடவினார்கள், இன்று ஜெல். தண்ணீர் குடித்து அடக்கி வைத்துக்கொண்டு வரச் சொல்வதும் இதற்காகத்தான். நிறைந்த சிறுநீர்ப்பை காற்றடைத்த குடலை ஒதுக்கிவிட்டுக் கர்ப்பப்பைக்கு வழிவிடும்.

இந்தச் சிக்கல்களைத் தீர்த்ததில் பெரும்பங்கு டாம் பிரவுனுடையது. கெல்வின் அண்ட் ஹியூஸ் கம்பெனியில் வேலை பார்த்த இளம் பொறியாளர். யாரோ ஒரு டாக்டர் விரிசல் பார்க்கும் கருவியை மனிதர் மேல் வைக்கிறாராம் என்று கேள்விப்பட்டு, தானே டொனால்டுக்கு ஃபோன் செய்தவர். நல்ல கருவியைக் கொண்டுவந்து, பிறகு புரோப் நகரும் இடத்தையும் கோணத்தையும் அளந்து இரு பரிமாணப் படம் வரையும் ஸ்கேனரைக் கட்டினார். 1958 ஜூன் 7 லான்செட் மருத்துவ இதழின் கட்டுரையில் டொனால்ட், அவருடைய சக மருத்துவர் மக்விகார், பிரவுன் என்று மூன்று பெயரும் இருக்கின்றன. அறுவை செய்ய முடியாத வயிற்றுப் புற்றுநோய் என்று கைவிடப்பட்ட பெண்ணுக்கு இருந்தது பெரிய சினைப்பை நீர்க்கட்டி என்று காட்டிக்கொடுத்தது இவர்கள் எடுத்த எதிரொலிதான். ஆனால் பாடப்புத்தகத்தில் டாக்டர் மட்டும் நிற்கிறார், இன்ஜினியர் காணாமல் போய்விடுகிறார். ஸ்கேன் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோருக்கும் இந்த வியாதி உண்டு.

அசையும் படம் தனிக்கதை. 1965-ல் சீமென்ஸின் விடோசன் என்ற ஸ்கேனர் நொடிக்குச் சுமார் 15 படம் காட்டியது. 1970-களின் தொடக்கத்தில் ராட்டர்டாமில் நிக்கோலாஸ் போம் 20 படிகத் துண்டுகளை வரிசையாக வைத்து அசையும் இதயத்தைக் காட்டினார். இன்றைய புரோபில் அதே வரிசைதான், துண்டுகள் நூற்றுக்கும் மேல்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லாமல் விட மனமில்லை. அந்தத் துண்டுகள் மிகவும் மெல்லியவை. ஒருமுறை கீழே விழுந்தால் நாலைந்து செத்துப்போகலாம், படம் வந்துகொண்டே இருப்பதால் யாருக்கும் தெரியாது. தயாரிப்பாளர் அனுமதிக்காத ஸ்பிரிட்டைப் போட்டுத் தேய்த்தால் முகப்பு ரப்பர் வெடிக்கும். உங்கள் துறையில் புரோப் இருந்தால் ஜெல்லைச் சுத்தமாகத் துடையுங்கள், காற்றில் பிடித்தால் திரையின் மேல்பகுதியில் கோடுகள் தெரியும். ஒரு பேப்பர் கிளிப்பை முகப்பின் மேல் அழுத்தாமல் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நகர்த்துங்கள். கிளிப்புக்குக் கீழே வெளிச்சக் கீற்று கூடவே வர வேண்டும். இரண்டு முறை நகர்த்தியும் அதே இடத்தில் மங்கினால் அங்கே துண்டு போய்விட்டது, சர்வீஸ் ஆளைக் கூப்பிடுங்கள்.