பூங்காவைச் சுற்றிக் காட்ட ஓர் ஆள் எதற்கு?

வணக்கம் சார்,

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து எழுதுகிறேன். ஓய்வு பெற்ற ஆசிரியை. மகளின் பிரசவத்துக்காக நானும் என் கணவரும் புரட்டாசி பிறந்ததும் அமெரிக்கா போகிறோம், அவள் இருப்பது நியூ ஜெர்சியில். குழந்தை பிறந்துவிட்டால் வீட்டை விட்டு நகர முடியாது என்று மருமகன் இப்போதே நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் வழிகாட்டியோடு நடந்து பார்க்கும் ஒரு டூருக்கு ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறார். என் கணவர் ஒரே பிடிவாதம். "மரம் செடியைப் பார்க்க ஒரு ஆளுக்குக் காசு கொடுப்பார்களா? நம்ம சில்வர் பீச்சை யாராவது சுற்றிக் காட்டினார்களா? பாண்டி பாரதி பூங்காவைப் பத்து நிமிஷத்தில் நாமே சுற்றிவிட்டு வரவில்லையா?" என்கிறார். நீங்கள் அங்கே போய் வந்ததைப் பற்றி முன்பு ஒருமுறை எழுதியிருந்தீர்கள். போகலாமா? எனக்கு முழங்கால் வலி வேறு இருக்கிறது.

அன்புடன்,
ஒரு வாசகி, கடலூர்

*

அன்புள்ள டீச்சர்,

போங்கள். கண்டிப்பாகப் போங்கள், சாரையும் இழுத்துக்கொண்டு போங்கள்.

அவர் கேட்பதில் பாதி நியாயம் இருக்கிறது. கடலைப் பார்க்க வழிகாட்டி வேண்டாம்தான், அதை யாரும் கட்டவில்லை. ஆனால் சென்ட்ரல் பார்க் அப்படி இல்லை. அங்கே கண்ணில் படுவதில் பெரும்பகுதி மனிதர்கள் திட்டம் போட்டுச் செய்தது, அதுவும் செய்தது தெரியக்கூடாது என்று பார்த்துப் பார்த்து மறைத்துச் செய்தது. தானாகப் போனால் "நல்ல பச்சையா இருக்கு, காத்து நல்லா வருது" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவோம். என் தம்பி வீட்டில் தங்கியிருந்தபோது முதலில் நான் தனியாகப் போய் அப்படித்தான் வந்தேன், அப்புறம் ஒரு வழிகாட்டியோடு போனபோது அதே பாதைகள் வேறு இடமாகத் தெரிந்தன.

முதலில் அளவைச் சொல்லிவிடுகிறேன். 843 ஏக்கர். நீளம் சுமார் நான்கு கிலோமீட்டர், அகலம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. தெற்கே 59ஆம் தெருவில் தொடங்கி வடக்கே 110ஆம் தெரு வரை போகிறது. பாரதி பூங்கா மாதிரி பத்து நிமிஷத்தில் முடிகிற விஷயம் இல்லை, எந்த டூரும் அதை முழுதாகக் காட்டுவதும் இல்லை, ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு ஒன்று ஒன்றரை மணி நேரம் நடத்துவார்கள். 1858இல் ஒரு போட்டி வைத்து, வந்த 33 திட்டங்களில் ஃபிரெடரிக் லா ஓம்ஸ்டெட், கால்வர்ட் வாக்ஸ் என்ற இருவர் சேர்ந்து கொடுத்த திட்டத்தைத் தேர்ந்தெடுத்துக் கட்டினார்கள். சதுப்பும் பாறையுமாகக் கிடந்த நிலம். பாறையை வெடி வைத்துப் பிளந்து, வெளியிலிருந்து வண்டி வண்டியாக மண் கொண்டுவந்து கொட்டி, வேலை முழுக்க முடிய 1876 ஆகிவிட்டது.

எங்களைக் கூட்டிக்கொண்டு போனவர் வயதான ஒரு பெண்மணி, சம்பளம் வாங்காத தன்னார்வலர். ஓர் ஓடைக்கரையில் நிறுத்தி, இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டார். ஆளுக்கொரு பதில் சொன்னோம். மலையிலிருந்து, ஊற்றிலிருந்து, ஏரியிலிருந்து. குழாயிலிருந்து என்றார். ஊருக்கு வரும் தண்ணீர்தான், பாறைகளுக்குப் பின்னால் குழாயின் வாய் ஒளிந்திருக்கிறது, திருகினால் ஓடை ஓடும், மூடினால் நின்றுவிடும். ஏரி, குளம், அருவி எல்லாமே வெட்டி அமைத்தவை. இதைக் கேட்டதும் எங்கள் கூட்டத்தில் ஒருவருக்கு ஏமாந்துவிட்ட மாதிரி முகம் சுருங்கிவிட்டது, எனக்கோ பெரிய மரியாதை வந்தது. சாலைகளையும் அப்படித்தான் ஒளித்திருக்கிறார்கள். பூங்காவைக் குறுக்கே கடக்கும் நான்கு சாலைகளைத் தரைமட்டத்துக்குக் கீழே பள்ளத்தில் இறக்கி, மேலே பாலம் கட்டிச் செடி வைத்துவிட்டார்கள். கீழே பஸ் போகும், மேலே நடப்பவருக்குத் தெரியாது. குதிரை வண்டிக் காலத்தில் யோசித்த யோசனை இது.

யோசனையே இல்லாமல் இயற்கை கொடுத்தது பாறைதான். தெற்குப் பக்கம் கருப்பாகப் புடைத்து நிற்கும் பாறைகளின் மேல் நீளநீளமான கீறல்கள் ஒரே திசையில் ஓடும். பனியாறு ஊரையே மூடிக்கொண்டு நகர்ந்த காலத்தில் அடியில் மாட்டிய கற்கள் உரசிப் போட்ட கோடுகள். தனியாகப் போனபோது அதே பாறைமேல் உட்கார்ந்து சாண்ட்விச் சாப்பிட்டுவிட்டு எழுந்து வந்தவன் நான்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். பூங்காவின் மேற்குப் பக்கம், 82ஆம் தெருவுக்கும் 89ஆம் தெருவுக்கும் நடுவில், செனகா வில்லேஜ் என்று ஒரு குடியிருப்பு இருந்தது. சுதந்திரம் பெற்ற கறுப்பின மக்கள் 1825இல் அங்கே மனை வாங்கி வீடு கட்டத் தொடங்கினார்கள். அந்தக் காலத்தில் நியூயார்க்கில் ஒரு கறுப்பினத்தவர் ஓட்டுப் போட வேண்டும் என்றால் 250 டாலர் மதிப்புள்ள சொத்து இருக்க வேண்டும், வெள்ளைக்காரருக்கு அந்த நிபந்தனை கிடையாது. ஆகவே அந்த மனை அவர்களுக்கு வெறும் வீட்டு மனை இல்லை. மூன்று தேவாலயங்கள், ஒரு பள்ளிக்கூடம், பிற்பாடு வந்து சேர்ந்த அயர்லாந்துக்காரர்கள் உட்பட ஏறத்தாழ 225 பேர். பூங்காவுக்காக அரசு நிலத்தைக் கையகப்படுத்தி 1857இல் எல்லாரையும் காலி செய்தது. பூங்கா எல்லைக்குள் மொத்தம் சுமார் 1,600 பேர் இடம் பெயர்ந்தார்கள். இழப்பீடு கொடுத்தார்கள், போதாது என்று வழக்குப் போட்டவர்களும் உண்டு. நெய்வேலிச் சுரங்கத்துக்கு நிலம் போனவர்களைத் தெரிந்த உங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. அதன் பிறகு நூறு வருஷத்துக்கு மேல் இந்தக் குடியிருப்பைப் பற்றி யாரும் பேசவில்லை. 2011இல் அகழாய்வு செய்து வீட்டுச் சாமான்களை எடுத்தார்கள், 2019இல் அங்கே விளக்கப் பலகைகள் நட்டார்கள். புல்வெளியைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

அதனால் மருமகனிடம் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள், பதிந்திருப்பது எந்த டூர் என்று. சினிமா எடுத்த இடங்களையும் பணக்கார நடிகர்கள் குடியிருக்கும் கட்டடங்களையும் காட்டுகிற டூர்களும் அங்கே உண்டு. அந்தப் படங்களைப் பார்க்காதவருக்கு அதில் ஒன்றும் இல்லை, பார்த்தவருக்கும் அதிகம் இல்லை என்பது என் எண்ணம். பூங்காவைப் பராமரிக்கும் சென்ட்ரல் பார்க் கன்சர்வன்சி நடத்தும் டூர்கள் நல்லவை, செனகா வில்லேஜுக்கென்றே தனி டூரும் வைத்திருக்கிறார்கள். 1970களில் புல் எல்லாம் பொட்டலாகி, பகலிலேயே போகப் பயப்படும் இடமாக இருந்த பூங்காவை மீட்க 1980இல் தொடங்கிய அமைப்பு அது. இன்னொன்று, வாசலில் ரிக்‌ஷாக்காரர்கள் மடக்குவார்கள். அங்கே கட்டணம் நிமிடக் கணக்கு. அட்டையில் சின்னதாகத் தெரியும் தொகையை நிமிடத்தால் பெருக்கிப் பார்த்துவிட்டு ஏறுங்கள், இல்லாவிட்டால் ஏறவே வேண்டாம்.

சாரின் பாரதி பூங்காவுக்கு வருகிறேன். நானும் புதுச்சேரிக்காரன், விட்டுக்கொடுக்க முடியாது. சென்ட்ரல் பார்க்கின் நடுவில் பெதஸ்தா நீரூற்று என்று ஒன்று இருக்கிறது, மேலே சிறகு விரித்த ஒரு தேவதை, கையில் லில்லிப் பூ. எம்மா ஸ்டெபின்ஸ் என்ற பெண் சிற்பி செய்தது, 1873இல் திறந்தார்கள். காலராவிலும் தீ விபத்திலும் அடிபட்ட ஊருக்கு 1842இல் குரோட்டன் ஆற்றிலிருந்து கால்வாய் வழியாக நல்ல தண்ணீர் வந்தது, அதற்கு நன்றியாக வைத்த சிலை. வழிகாட்டி இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது எனக்கு ஆயி மண்டபம்தான் ஞாபகம் வந்தது. பாரதி பூங்காவின் நடுவில் வெள்ளை வெளேரென்று நிற்கிறதே, புதுச்சேரி அரசு முத்திரையில்கூட இருக்கிறதே, அதுவும் தண்ணீருக்காகக் கட்டியதுதான். மூன்றாம் நெப்போலியன் காலத்தில் முத்தரையர்பாளையத்துக் குளத்திலிருந்து நகரத்துக்கு நல்ல தண்ணீர் கொண்டுவந்தார்கள். அந்தக் குளத்தை வெட்டியவள் ஆயி என்ற தாசி என்பார்கள். விளக்கு வெளிச்சத்தில் ஜொலித்த அவள் வீட்டைக் கோயில் என்று நினைத்து விஜயநகரத்துப் பெரிய மனிதர் ஒருவர் கும்பிட்டுவிட்டாராம், தாசி வீடு என்று தெரிந்ததும் இடிக்கச் சொன்னாராம், அவள் தானே இடித்துவிட்டு அங்கே ஊருக்குக் குளம் வெட்டினாளாம். கதை எவ்வளவு உண்மை என்பது வேறு விஷயம். ஆனால் இரண்டு பூங்காக்களிலும் நட்ட நடுவில் நிற்பது ஊருக்குத் தண்ணீர் வந்த சந்தோஷம், இரண்டிலும் ஒரு பெண். நியூயார்க் தேவதையோடு போட்டோ எடுத்துக்கொள்ளும் நம்மவர்கள், ஆயி மண்டபத்துப் படியில் உட்கார்ந்து கடலை கொறித்துவிட்டு எழுந்து போகிறார்கள். பத்து நிமிஷத்தில் சுற்றிவிட்டோம் என்று சார் சொல்வது அதனால்தான்.

இங்கே கூட்டிக்கொண்டு போய்ச் சொல்லும் நடைகள் இல்லாமல் இல்லை. ஆனால் நான் போன ஒன்றில் மஞ்சள் சுவர், போகன்வில்லா, காபிக் கடை என்றே ஒன்றரை மணி நேரத்தை ஓட்டிவிட்டார் அந்தப் பையன். ஆயியைப் பற்றிக் கேட்டதற்கு, "அது பிரெஞ்சுக்காரங்க கட்டினது சார்" என்று முடித்துக்கொண்டார்.

சில்வர் பீச்சும் அப்படித்தான். தேவனாம்பட்டினத்தில் அலையைப் பார்க்க யாரும் துணைக்கு வர வேண்டாம். ஆனால் பக்கத்திலேயே புனித டேவிட் கோட்டையின் மிச்சம் கிடக்கிறது. 1690இல் ஆங்கிலேயர்கள் மராத்தியரிடமிருந்து அந்தக் கோட்டையை வாங்கியபோது, பீரங்கியால் சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் விழுமோ அவ்வளவு தூரமும் தங்களுக்கு என்று ஒப்பந்தம். சுட்டார்கள், விழுந்த இடம் வரை இருந்த ஊர்கள் அவர்களுடையதாகிவிட்டன. குண்டு சாலை என்று உங்கள் ஊரில் இன்றைக்கும் பஸ் போகிறது. 1758இல் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து இடித்த கோட்டை அது. பள்ளிப் பிள்ளைகளைச் சனிக்கிழமை காலையில் அங்கே நடத்திக் கூட்டிப் போக ஓய்வு பெற்ற ஒரு டீச்சர் போதும். சும்மா சொல்லி வைக்கிறேன்.

முழங்கால் விஷயம். தெற்குப் பகுதிப் பாதைகள் பெரும்பாலும் சமமானவை, நடு நடுவே பெஞ்சு இருக்கும். பெதஸ்தா பக்கம் இறங்கப் படிகள் உண்டு, ராம்பிள் என்ற காட்டுப் பகுதியிலும் வடக்குக் காட்டிலும் ஏற்ற இறக்கம் அதிகம், அவற்றைத் தவிர்த்துவிடலாம். செருப்பு வேண்டாம், கால் பிடிக்காத ஷூ போடுங்கள், புதிதாக வாங்கியதை அன்றைக்கு முதன்முதலாகப் போடாதீர்கள். கிளம்புவதற்கு முன் கழிவறை எங்கே என்று வழிகாட்டியிடமே கேட்டுவிடுங்கள், கேட்பதில் கூச்சம் வேண்டாம், அவர்கள் அதற்குப் பழகியவர்கள். பேச்சு வேகமாக இருந்தால் மெதுவாகச் சொல்லச் சொல்லுங்கள். முன்வரிசையில் நடந்தால் பாதி சிரமம் குறையும், பின்னால் போனால் காற்றில் ஒன்றும் கேட்காது.

வழி தவறினால் விளக்குக் கம்பத்தைப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் நான்கு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் பக்கத்தில் உள்ள தெருவின் எண், கடைசி இலக்கம் இரட்டைப்படை என்றால் கிழக்குப் பக்கம், ஒற்றைப்படை என்றால் மேற்குப் பக்கம். 7234 என்று இருந்தால் 72ஆம் தெரு, கிழக்கு. எனக்கு இதையும் அந்த அம்மாதான் சொன்னார்.

இவ்வளவு சொல்லியும் சார் மசியவில்லை என்றால், அவரை ஏரிப் பக்கம் ஒரு பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு நீங்கள் மட்டும் போய் வாருங்கள். அங்கே 10,000 பெஞ்சுகளுக்கு மேல் இருக்கின்றன, ஆயிரக்கணக்கானவற்றில் நன்கொடை கொடுத்தவர்கள் தங்கள் அம்மா அப்பா, கணவன் மனைவி, நாய் என்று யார் நினைவாகவோ சிறு தகடு பதித்திருப்பார்கள். படித்துக்கொண்டிருக்கட்டும், காசும் கிடையாது. பக்கத்துக் கம்பத்தின் எண்ணை மட்டும் மறக்காமல் குறித்துக்கொண்டு கிளம்புங்கள்.

மகளுக்கு என் அன்பு.