பாஜியோவை ஏன் இழுத்த?

அண்ணா வணக்கம். ரொனால்டோ 2006ல இருந்து 2022 வரைக்கும் அஞ்சு உலகக்கோப்பை ஆடி 8 கோல், எல்லாமே குரூப் மேட்ச்ல. நாக் அவுட்ல ஒண்ணுகூட இல்ல. அப்ப பெரிய மேட்ச் பிளேயர்னு சொல்றது வெறும் பில்டப் தானா? இத்தாலி பாஜியோ மாதிரி முக்கியமான நேரத்துல சொதப்புனவங்க லிஸ்ட்ல இவரையும் சேக்கலாமா?
- ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

நீ சொன்ன நம்பர் சரி. ஆனா 2017 சாம்பியன்ஸ் லீக்ல, அதான் ஐரோப்பா கிளப் போட்டி, குவார்ட்டர்ல பாயர்னுக்கு எதிரா ஹாட்ரிக், செமில அட்லெடிகோவுக்கு ஹாட்ரிக், ஃபைனல்ல யுவென்டஸுக்கு ரெண்டு, அதையும் சேத்து வச்சுக்கோ. ஃபேன்ஸ் சண்டைக்கெல்லாம் நான் வரல.

போறபோக்குல பாஜியோன்னு போட்டியே, அதுக்குத்தான் இந்த பதில். கொஞ்ச நாளாவே அந்த மனுஷன் ஞாபகமாவே இருக்கு. சொதப்புனவரா? நீ பாத்தது 94 உலகக்கோப்பை ஃபைனல்ல பிரேசிலுக்கு எதிரா அவர் கடைசி பெனால்டியை கம்பத்துக்கு மேல அடிச்சு கோப்பை போன அந்த ஒரு கிளிப் மட்டும்தான்னு நல்லா தெரியுது.

அதே 1994 உலகக்கோப்பைல நாக் அவுட் மொத மேட்ச், நைஜீரியாவோட. இத்தாலி 1-0 பின்னாடி, ஜோலாவுக்கு ரெட் கார்டு, பத்து பேர்தான், பெட்டி கட்ட வேண்டியதுதான்னு இருக்கும்போது 88வது நிமிஷம் பாஜியோ கோல், எக்ஸ்ட்ரா டைம்ல பெனால்டி, அதுவும் அவர்தான். அடுத்து ஸ்பெயின், 1-1, முடியப்போற நேரத்துல மறுபடி அவர். செமில பல்கேரியாவுக்கு ரெண்டு, அதே மேட்ச்ல தொடை பிடிச்சுக்கிட்டு பாதியில வெளிய போறார். நாக் அவுட்ல இத்தாலி போட்டதே 6 கோல், அதுல 5 ராபர்ட்டோ பாஜியோ, மிச்சம் ஒண்ணு டினோ பாஜியோ, அது வேற ஆள். இது பெரிய மேட்ச் இல்லன்னா வேற எதுடா பெரிய மேட்ச்?

ஃபைனல் நம்ம ஊர்ல ராத்திரி ஒரு மணிக்கு. பக்கத்து வீட்டு டிவி முன்னாடி தூக்கத்தை அடக்கிக்கிட்டு உக்காந்திருந்தோம். அங்க பாசடேனால உச்சி வெயில், அந்தக் காலோட 120 நிமிஷம் ஆடுனார். மேட்ச் சமன், பெனால்டி ஷூட் அவுட். இத்தாலிக்கு மொதல்ல போன பரேசி பந்தை கம்பத்துக்கு மேல அடிச்சார், மசாரோ அடிச்சதை பிரேசில் கீப்பர் டஃபரேல் புடிச்சார், அதெல்லாம் யாருக்கும் ஞாபகமில்ல. பாஜியோ போட்டிருந்தாலும் 3-3 தான், பிரேசிலுக்கு இன்னும் ஒரு கிக் பாக்கி. மறுநாள் டீக்கடைல ஒருத்தர், நைஜீரியா மேட்ச் எட்டிக்கூட பாக்காதவர், "கோப்பையை தூக்கி குடுத்துட்டான்யா"ன்னார். எனக்கு அழுகையே வந்துடுச்சு, சின்னப்பய, எதுத்துப் பேசத் தெரியல. இப்ப உன்கிட்ட பேசுறேன்.

இன்னொண்ணு. 1990 செமில அர்ஜென்டினாவோட ஷூட் அவுட், பாஜியோ போட்டார். 1998ல ஃபிரான்ஸ், மொத ஆளா போய் போட்டார். ரெண்டுலயும் இத்தாலி தோத்துச்சு, தப்பவிட்டது மத்தவங்க. உலகக்கோப்பைல மூணு ஷூட் அவுட், ரெண்டு உள்ள. 94ல அந்த பந்து மேல போனப்புறம் நாலு வருஷம் கழிச்சு மறுபடி அதே மாதிரி நடந்து போய் பந்தை வைக்கிறதுக்கு எவ்வளவு தைரியம் வேணும், சொல்லு?

கோச்சுக்காத தம்பி, உன் மேல பிரியம் இருக்கறதாலதான் திட்டுறேன். நைஜீரியா மேட்சை முழுசா பாரு, ஹைலைட்ஸ் வேணாம், அந்த 88 நிமிஷமும் உக்காந்து பாரு. அப்புறம் அந்த லிஸ்ட்ல அவர் பேரு இருக்கணுமான்னு எழுது.